பெண்ட் பைப் விரிசலை நான் சரிசெய்த விதம்

என் பழைய 350 சிசி பைக்குக்கு ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்), இன்ஜினோடு பொருத்தும் தட்டான பிளாஞ்சை ஒட்டியே திரும்பத் திரும்ப விரிசல் விட்டது. வெளியே வெல்டிங் பளபளவென்றுதான் இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே கருகிப் பொரிந்து கிடந்தது. உருகும்போது வெல்டிங்கின் பின்பக்கம், அதாவது பைப்பின் உள்பக்கம், காற்று பட்டு ஸ்டீலில் உள்ள குரோமியம் ஆக்சைடாகிவிட்டது. அந்தச் சொரசொரப்பில்தான் விரிசல் தொடங்குகிறது.

டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் என்ற மின்பொறி எழுப்பி, ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் பற்றவைக்கும் முறை) என் பொழுதுபோக்கு, அதனால் நானே இறங்கினேன். பைப் 304 ரகம், 1.2 மி.மீ. கனம். 308எல் பில்லர் ராடு (இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பி), 45 ஆம்பியர் வாக்கில் கரண்ட். உள்ளே காற்று படாமலிருக்க, பைப்பின் இரு வாயையும் அலுமினியத் தாளால் மூடி, கீழிருந்து ஆர்கானை விட்டு, மேலே சின்ன ஓட்டை வைத்தேன். ஆர்கான் காற்றைவிடக் கனம். கீழே நிரம்பி, காற்றை மேலே தள்ளிவிடும். இங்கே கேஸ் செலவுக்குக் கணக்குப் பார்த்தால் வேலை கெட்டுவிடும். அப்புறம், குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் மட்டும் பைப்பைத் துடைக்காதீர்கள். ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். அசிட்டோனால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு பற்றவையுங்கள்.

வெல்டிங் பாதிக் காரணம்தான். சைலன்சரை சேசிஸோடு விறைப்பாக முடுக்கியிருந்ததால் அதிர்வு மொத்தமும் பிளாஞ்சில் விழுந்தது. பைப்பின் சைலன்சர் பக்க முனையில் ஸ்லிப் ஜாயின்ட் (ஒன்றுக்குள் ஒன்று செருகி, அசைய இடம் தரும் இணைப்பு) வைத்து ஸ்பிரிங் மாட்டி, பிராக்கெட்டில் ரப்பர் புஷ் போட்டேன். மழைக்காலம் முழுக்க ஓட்டியாயிற்று, விரிசல் இல்லை.