பன்னீர் வடிக்க எந்த டியூப், எந்த கேஸ்கட்?

குக்கரில் ரோஜா இதழை ஆவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிர்தண்ணீரில் கிடக்கும் குழாய்ச் சுருள் வழியாக விட்டால், குளிர்ந்து பாட்டிலில் சொட்டுவதுதான் பன்னீர். ரோஜாவுக்குப் பஞ்சமில்லை: ஓசூர், பாகலூர், தளி, கெலமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் ரோஜாத் தோட்டம்தான். ஆனால் பசுமைக்குடிலில் வளரும் நீளக்காம்பு ரோஜாவில் வாசனை கம்மி, மருந்தும் நிறைய அடித்திருப்பார்கள். மருந்தடிக்காத பன்னீர் ரோஜாவைத் தேடிப் பிடியுங்கள். (இதெல்லாம் பன்னீருக்கு மட்டும். வீட்டில் சாராயம் வடிப்பது 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.)

முதல் தடவை நான் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப்பைக் குக்கர் மூக்கில் (வெயிட் போடும் இடம்) செருகினேன். கொஞ்ச நேரத்தில் துவண்டு தொங்கியது, வந்த பன்னீரில் பிளாஸ்டிக் நாற்றம், மொத்தத்தையும் கொட்டினேன். அது பி.வி.சி. வளைவதற்காக அதில் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான பொருள் சூட்டில் கசியும். ஓசூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியில் கொதிக்கிறது, பி.வி.சி.யோ அதற்கு வெகு முன்பே இளகிவிடும். போர் தண்ணீர் ஊற்றினால்கூட அதிலுள்ள உப்பும் ஃபுளோரைடும் பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும், ஆனால் டியூப்பிலிருந்து கசிவது நேராகப் பாட்டிலுக்குத்தான் போகும்.

அதனால் ஆவி போகிற வழியில் ஸ்டீல், செம்பு, கண்ணாடி, டெஃப்லான், உணவுத் தர சிலிக்கான், இவை போதும். குக்கர் மூக்கிலிருந்து அரை அடிக்கு மட்டும் சிலிக்கான், அப்புறம் சுருளுக்கு மூணு நூல் (3/8 அங்குலம்) செம்புக்குழாய். குழாயில் பற்றவைப்பு இருந்தால் ஈயம் கலந்த பற்று கூடாது. லெவல் டியூப்பைக் குளிர்தண்ணீர் சுற்றி வர வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது நன்றாகவே உழைக்கும்.

சிலிக்கானைக் கடையிலேயே ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்கள். முறுக்கிய இடம் வெள்ளையாக வெளுத்தால் கலப்படம் அதிகம் என்று பொருள், வேண்டாம். இன்னொன்று, சிலிக்கான் வாசனையைக் குடித்துவிடும். தைல இலை வடித்த டியூப்பில் பன்னீர் வடித்தால் தைலம்தான் மணக்கும். தைலத்துக்கும் எலுமிச்சைப் புல்லுக்கும் செம்பும் டெஃப்லானுமே சரி, ரப்பர் கேஸ்கட் அந்த எண்ணெயில் உப்பிப் பிசுபிசுத்துவிடும்.

மூடி ஓரத்துக்குச் சிலிக்கான் கேஸ்கட், மரை இருக்கும் இடத்தில் வெள்ளை டெஃப்லான் டேப். கசிந்தால் மைதா பசை பூசுங்கள், சூட்டில் இறுகிக்கொள்ளும், முடிந்ததும் கழுவிவிடலாம். எப்பாக்சி பசை, சைக்கிள் டியூப் துண்டு இரண்டும் ஆவி படும் இடத்தில் ஆகவே ஆகாது.

கசிவை அடைக்கிற ஆர்வத்தில் பலர் மறப்பது ஒன்று உண்டு: ஆவி வெளியேறும் வாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். டியூப் மடங்கினாலோ இதழ் போய் மூக்கை அடைத்தாலோ அது குண்டுதான். இதழைத் துளையுள்ள தட்டில் வையுங்கள், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், சேஃப்டி வால்வைத் தொடவே தொடாதீர்கள். குழாய் முனை பாட்டில் தண்ணீரில் முங்கக் கூடாது, அடுப்பை அணைத்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகித் தண்ணீரைத் திரும்ப இழுத்துவிடும்.

எல்லாம் மாட்டியதும் பூ போடாமல் வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் வடித்து, ஆறவிட்டு முகர்ந்து பாருங்கள். ரப்பர் வாடை அடித்தால் கொட்டிவிட்டு இன்னொரு முறை வடியுங்கள். அப்போதும் வாடை போகவில்லை என்றால் அந்த டியூப்பைக் கழற்றிக் குளிர்தண்ணீர்ப் பக்கம் மாட்டிவிட்டு ஆவிக்கு வேறு வாங்குங்கள்.