கார்த்திகை, மார்கழியில் வடசென்னைக் கடலோரம்: எப்படிப் போவது, எதைத் தவிர்ப்பது

ஐப்பசி மழை இறங்கியதும் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையில் வெளியூர்க் கூட்டம் குறைந்துவிடும். காணும் பொங்கலன்று மொத்தமாகத் திரும்பி வரும். இடைப்பட்ட இரண்டு மாதம்தான் நிம்மதியாகச் சுற்ற ஏற்றது. டிசம்பரில் பகல் வெப்பம் 29 டிகிரியை ஒட்டி இருக்கும், விடியற்காலையில் 21, 22. இங்கே குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. மழையும் கடலும்தான் நாளைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இரண்டு வாரம் முன்பே தேதி குறிப்பது வீண்.

முதலில் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்தியில் பாருங்கள். 1ஆம் எண் என்றால் தூரக் கடலில் புயல் உருவாகக்கூடிய வானிலை. 2 என்றால் உருவாகிவிட்டது. 3, 4 ஏறினால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரக்கூடும். 1ஆம் எண்ணிலேயே பயணத்தைத் தள்ளிவைக்கலாம். அந்த நாட்களில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், காசிமேட்டுக்குப் போனாலும் ஐஸில் கிடந்த பழைய மீன்தான் கிடைக்கும். எச்சரிக்கை நீங்கிய பிறகு ஃபைபர் படகு மீன் மறுநாளே வரும். லாஞ்ச் எனப்படும் பெரிய விசைப்படகு கடலில் பல நாள் தங்குவதால் வஞ்சிரம் போன்ற பெரிய மீன் வரத்து சீராகச் சில நாள் பிடிக்கும்.

மழை விட்ட மறுநாளே கிளம்பவும் வேண்டாம். கூவமும் கொசஸ்தலையாறும் ஊர் அழுக்கைக் கடலில் கொட்டிக்கொண்டிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் பரவியது நினைவிருக்கும். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு போங்கள்.

காசிமேட்டுக்கு விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வீட்டிலும் மார்கழி விரதக்காரர்கள் வீட்டிலும் கவுச்சி ஏறாது என்பதால் வார நாட்களில் விலை இறங்கியே இருக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். உடலை விரலால் அமுக்கினால் குழி நிற்கக் கூடாது. கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கில் பெட்டி கொண்டுபோங்கள். வெட்டுக்கூலி தனி. மழை மாதத்தில் கருவாடு மட்டும் வேண்டாம். வெயில் போதாமல் நடுமுள் பக்கம் ஈரம் நின்று, வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் பூசணம் பூக்கும்.

சூரிய உதயத்துக்குத் திருவொற்றியூர் போதும். மெட்ரோவில் தேரடி நிலையத்தில் இறங்கினால் கடல் நடக்கும் தூரம்தான். டிசம்பர் நடுவில் உதயம் ஏறக்குறைய 6.25க்கு. கடலைப் பார்த்து நின்றால் சூரியன் நேர் எதிரே வராது, வலப்பக்கம் தள்ளி எழும். இங்கே அகலமான மணல் கிடையாது. துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே கரை அரிக்கப்பட்டது. அதைத் தடுக்கக் கொட்டிய பாறைகள்தான் இப்போது கரை. இந்த மாதங்களில் அலை பாறை மேலேயே ஏறி விழும், பாசி வழுக்கும். செல்ஃபிக்காகக்கூடப் பாறையில் இறங்காதீர்கள். குளிக்கும் எண்ணமே வேண்டாம். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் இங்குள்ள கோயிலில் ஆதிபுரீஸ்வரரைக் கவசமில்லாமல் தரிசிக்கலாம். அப்போது சன்னதித் தெருவில் வண்டி நுழையாது.

ஒரு முழு நாள் கையில் இருந்தால் பழவேற்காடு ஏரிக்குப் போகலாம். காசிமேட்டையும் இதையும் ஒரே நாளில் சேர்த்தால் வாங்கிய மீன் கெடும். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி அல்லது சூலூர்ப்பேட்டை மின்சார ரயில், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையிலும் ஏறலாம். பொன்னேரியில் இறங்கிப் பேருந்து, சுமார் 18 கிலோமீட்டர்.

பூநாரை பார்க்கத்தான் பலரும் போகிறார்கள், பாதிப் பேர் ஏமாந்து திரும்புகிறார்கள். காரணம் தண்ணீர். பூநாரை நின்றபடி சேற்றைத் துழாவித் தின்னும் பறவை. நல்ல மழை பெய்து ஏரி நிரம்பினால் கால் எட்டாது, ஆழமில்லாத பக்கம் தேடிப் போய்விடும். தண்ணீர் வற்றத் தொடங்கும் தை, மாசியில் வாய்ப்பு அதிகம். மார்கழியில் போவதானால் 8 மடங்கு பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். வெறும் கண்ணுக்கு ஒரு வெளிர் கோடுதான் தெரியும்.

கரையில் யாராவது படகு சவாரிக்குக் கூப்பிடலாம். ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் உல்லாச சவாரிக்குத் தடை வந்தது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்காமல் வராதீர்கள். அங்கே போவதற்கு முன்பே சாப்பாட்டுக் கடையில் நண்டுக்குச் சொல்லிவிடுங்கள். ஆள் குறைவான மாதம், கேட்ட பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள்.

குடை வாடைக்காற்றில் மடங்கிவிடும், ரெயின்கோட் எடுங்கள். மாற்றுத் துணி, செல்போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, குடிதண்ணீர், கொசுவுக்கு ஏதாவது ஒரு களிம்பு. மாலை ஐந்தே முக்காலுக்கே பொழுது சாய்ந்துவிடும், நாலரைக்குப் பொன்னேரிப் பேருந்துக்காக நின்றுவிடுங்கள்.