பலூன் பார்த்த கையோடு கௌராவுக்கு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கனௌண்ட்ராவின் ஏப்ரல் மாத வெப்பக்காற்று பலூன் விழாவைக் காணச் செல்வோர், பலூன்கள் தரையிறங்கியதும் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கௌராவுக்கு முதலில் சென்றுவிட்டு, கனௌண்ட்ராவின் மீன் புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது நல்லது. வெயில் ஏறினால் காற்று நிலைகொள்ளாது என்பதால் பலூன்கள் விடியற்காலையிலேயே பறந்து முடித்துவிடுகின்றன. உடனே கூட்டம் முழுவதும் அந்தச் சிற்றூரின் சில உணவகங்களில் குவியும் வேளையில், கௌராவின் ஜப்பானியத் தோட்டத்தை நெரிசலின்றிச் சுற்றிவரலாம். மதிய உணவையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இத்தகைய ஊர்களில் பல சமையலறைகள் பிற்பகல் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிடும்.

அன்றே சிட்னி திரும்புவோருக்கு இது பொருந்தாது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம் இருப்பதாலும், அந்தி சாய்ந்தபின் கங்காருக்கள் சாலையில் குறுக்கிடும் என்பதாலும், அவர்கள் ஓர் ஊரோடு நிறுத்திக்கொள்வதே உசிதம்.