இங்கிலாந்தில் வீட்டிலிருந்தே சைல்ட்மைண்டர் ஆவது எப்படி?

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் நெருக்கமாக வாழும் இடங்களில், தெரிந்தவர் பிள்ளையைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் அக்காக்கள் இருக்கிறார்கள். அக்கறையோடுதான் பார்க்கிறார்கள். ஆனால் 8 வயதுக்குட்பட்ட குழந்தையை, உங்கள் வீட்டில் வைத்து, ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் பணம் வாங்கிப் பார்த்தால் நீங்கள் சைல்ட்மைண்டர், அதற்குப் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் தொடர்வது 2006ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி குற்றம். சொந்தப் பேரப்பிள்ளை, அண்ணன் தங்கை பிள்ளை என்றால் விலக்கு உண்டு. பெற்றோர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது நானி வேலை. அதன் விதிகள் வேறு.

இந்தப் பதிவு இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. இங்கிலாந்தில், பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெடில் நேரடியாகப் பதியலாம், அல்லது சைல்ட்மைண்டர் ஏஜென்சி ஒன்றின் மூலம் போகலாம். நான் சொல்வது நேரடி வழி.

படி 1: அனுமதி இருக்கிறதா?

முதலில் விசா. சைல்ட்மைண்டர் என்பது சுயதொழில். மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக்கூடாது. ஸ்கில்ட் வொர்க்கர் விசாக்காரரின் துணைவராக வந்தவர் செய்யலாம். அடுத்தது வீடு. வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும், கடனில் வாங்கிய வீடென்றால் கடன் கொடுத்தவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இது முடியாமல் வேறு எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.

படி 2: தாமதமாகும் காகிதங்களை முதலில் தொடங்குங்கள்

பலர் பொம்மையும் சின்ன நாற்காலியும் வாங்குவதில் தொடங்குகிறார்கள். அது ஒரே நாளில் முடிகிற வேலை. காலம் இழுப்பது காகிதம்தான், அதனால் அதை முதல் வாரமே நகர்த்திவிடுங்கள்.

டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு உங்களுக்கு மட்டும் போதாது. அந்த வீட்டில் வசிக்கும், வேலை செய்யும் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் வேண்டும். கணவர், மாமியார், மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் தம்பி, 16 வயதாகி ஜிசிஎஸ்இ படிக்கும் மகன், யாரும் தப்ப முடியாது. பள்ளி வேலைக்கு ஏற்கெனவே எடுத்த டிபிஎஸ் இருந்தாலும் அதையே நீட்ட முடியாது. இதற்கு வீட்டிலிருந்து செய்யும் வேலை என்று குறிப்பிட்ட உயர்நிலைச் சரிபார்ப்பு தேவை. சான்றிதழ் வழங்கப்பட்ட 30 நாளுக்குள், அதை நடப்பில் வைத்திருக்கும் அப்டேட் சர்வீஸில் சேர்ந்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும். ஊரிலிருந்து அம்மா வந்து மாதக்கணக்கில் தங்கப்போகிறார் என்றால் அதையும் ஆஃப்ஸ்டெடிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடந்த 5 ஆண்டுகளில் வெளிநாட்டில் வாழ்ந்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அண்மையில் வந்தவர்களுக்கு இதுதான் அதிகம் இழுக்கும். கூடவே உடல்நலப் படிவம். அதில் உங்கள் குடும்ப மருத்துவர் (ஜிபி) கையெழுத்திட வேண்டும், அதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணமும் வாங்குவார்கள்.

படி 3: படிக்க வேண்டியது

குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி, முழு 12 மணி நேரத்தது. சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் உணவுச் சுகாதாரப் பயிற்சியும்.

இவற்றோடு இஒய்எஃப்எஸ். பிறந்ததிலிருந்து 5 வயது வரை குழந்தைகளைப் பார்க்கும் எல்லோருக்குமான அரசின் அடிப்படை விதித்தொகுப்பு இது. 2024 ஜனவரியிலிருந்து சைல்ட்மைண்டர்களுக்கென்றே தனிப் பதிப்பு இருக்கிறது, அரசு இணையதளத்தில் இலவசம். இதற்கென்று பணம் கட்டிப் பயிற்சி எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை, ஆனால் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் வேண்டாம். ஒவ்வொரு விதிக்கும் "என் வீட்டில் இதை எப்படிச் செய்வேன்?" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஆஃப்ஸ்டெட் அதிகாரி வீட்டைப் பார்க்க வரும்போது அதைத்தான் கேட்பார்.

ஒரே நேரத்தில் எத்தனை குழந்தைகள் என்பதும் அதில்தான் இருக்கிறது. தனியாக வேலை செய்தால் 8 வயதுக்குட்பட்டவர்கள் மொத்தம் 6 பேர். அதில் சிறு குழந்தைகள், அதாவது 5 வயது நிறைந்த பிறகு வரும் செப்டம்பர் 1 வரையிலானவர்கள், 3 பேர். அந்த மூவரில் ஒரு வயது ஆகாதவர் ஒருவர்தான். உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேருவார்கள். உடன்பிறந்தவர்கள் போன்ற சில நிலைகளில் தளர்வு உண்டு, ஆனால் வருமானக் கணக்கை அந்தத் தளர்வை நம்பிப் போடாதீர்கள்.

படி 4: வீட்டைத் தயார்செய்வது

ஒரு நாள் தரையில் உட்கார்ந்து, ஒரு வயதுக் குழந்தையின் கண் உயரத்திலிருந்து ஒவ்வொரு அறையையும் பாருங்கள். படிக்கட்டுக்கு கேட், புகை அலாரம், மருந்துப் பெட்டிக்குப் பூட்டு, தோட்டத்தில் தண்ணீர் தேங்கும் இடங்கள் எல்லாம் எந்தப் பட்டியலிலும் இருக்கும். நம் வீடுகளுக்கு இன்னும் சில உண்டு. சாமி அறையில் எரியும் விளக்கும் சாம்பிராணியும் குழந்தைகள் இருக்கும் நேரத்தில் வேண்டாம். தீப்பெட்டி, கற்பூரம், அரிவாள்மனை எல்லாம் உயரத்துக்குப் போகட்டும். குழந்தை தூளியில் தூங்கிப் பழகியது என்று பெற்றோரே சொன்னாலும் இங்கே தூளி கட்டக்கூடாது. உறுதியான, சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைப்பதுதான் இந்நாட்டுப் பாதுகாப்பு வழிகாட்டல். திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள், நீளவாக்கில் நறுக்குங்கள். முழு வேர்க்கடலையும் முந்திரியும் சிறு குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். சாப்பிடும் நேரம் முழுக்க நீங்கள் பார்க்கும் தூரத்தில், கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

படி 5: விண்ணப்பம்

ஆஃப்ஸ்டெட் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துங்கள். 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு பதிவேடு, பெரிய பிள்ளைகளுக்கு வேறொன்று. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளையும் எடுக்க நினைத்தால் இரண்டிலும் சேர்ந்துவிடுவது நல்லது. இந்த விண்ணப்பத்தின் வழியே கவுன்சிலில் உணவு வழங்குபவராகவும் பதிந்துவிடுவார்கள். தனியாக அலைய வேண்டாம்.

படி 6: அதிகாரி வரும் நாள்

நம்மவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், அதுவும் ஆங்கிலத்துக்காக. குழந்தைகளிடம் பேச, பெற்றோருக்குக் குறிப்பு எழுத, அவசரத்தில் உதவி கேட்க, மருந்து லேபிளைப் படிக்கப் போதுமான ஆங்கிலம் வேண்டும். அது உண்மை. ஆனால் உச்சரிப்புக்கு மார்க் போட யாரும் வரவில்லை. அவர் பார்ப்பது உங்கள் யோசனையை. ஒரு குழந்தையின் உடலில் காயம் கண்டால் யாரிடம் சொல்வீர்கள்? உங்கள் வீட்டார் மீதே புகார் வந்தால்? இரண்டு வயதுக் குழந்தை பேசத் தாமதித்தால்? கவுன்சிலின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவு எண்ணைச் சுவரிலேயே ஒட்டிவையுங்கள்.

தமிழ் பேசுவதை மறைக்காதீர்கள். குழந்தை தன் வீட்டு மொழியை விளையாட்டில் பயன்படுத்த வாய்ப்புத் தர வேண்டும் என்று இஒய்எஃப்எஸ் விதியே சொல்கிறது, ஆங்கிலத்தையும் சேர்த்து வளர்க்க வேண்டும் என்பதோடு. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகும் தமிழ் வீட்டுக்கு நீங்கள் கொடுக்கக்கூடியதில் இது பெரியது.

படி 7: பதிவெண் வந்த பிறகு

பொதுப் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு குழந்தையையும் எடுக்காதீர்கள். குழந்தைகளின் விவரத்தையும் படத்தையும் போனிலோ கணினியிலோ வைத்திருந்தால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வருமானம் ஆண்டுக்கு 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த வரி ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5க்குள் வரித் துறையான எச்எம்ஆர்சியிடம் சொல்லுங்கள். ரசீதுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்துவையுங்கள்.

பெற்றோர் தெரிந்தவராக இருந்தால் ஒப்பந்தம் இன்னும் அவசியம். நேரம், கட்டணம், தாமதமாக அழைத்துப்போனால் என்ன, விடுமுறைக்குப் பணம் உண்டா, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். "நமக்குள்ளே என்ன" என்று விட்ட இடத்தில்தான் உறவு கசக்கிறது.

2025 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள வேலைபார்க்கும் பெற்றோரின் 9 மாதக் குழந்தைக்கே, பள்ளி நடக்கும் வாரங்களில், வாரம் 30 மணி நேரத்துக்கு அரசு பணம் தருகிறது. அதைப் பெற உங்கள் கவுன்சிலிடம் தனியாகப் பதியுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைக்கோ உறவுக்காரப் பிள்ளைக்கோ நீங்களே பார்த்து இந்தப் பணத்தை வாங்க முடியாது. வீட்டுக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தாலோ மகளுக்கு 16 வயது ஆனாலோ 14 நாளுக்குள் ஆஃப்ஸ்டெடுக்குத் தெரிவியுங்கள்.