புடைப்பெல்லாம் மரு அல்ல: எச்பிவி குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் நோய், மகளிர் நலப் பிரிவுகளுக்குப் புதிதாக வரும் முதுநிலை மாணவர்களிடம் ஒரு பழக்கத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பெண்ணின் புறப் பாலுறுப்பில் (வல்வா) எந்தப் புடைப்பைக் கண்டாலும், நோயாளி உடையைச் சரிசெய்துகொள்வதற்குள் ஓபி சீட்டில் எச்பிவி (உடலுறவால் பரவி மருவை உண்டாக்கும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் தலைமுறையும் இதைத்தான் செய்தது. ஒப்புதல் பெறுதல், உடன் ஒரு செவிலியரை வைத்துக்கொள்ளுதல் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இயல்பான முகிழ்களை மரு என்று எரிப்பது

சிறு உதடுகளின் உட்புறத்திலும் யோனி வாயிலைச் சுற்றியுள்ள படலத்திலும் சில பெண்களுக்கு ஓரிரு மில்லிமீட்டர் உயரத்தில் மென்மையான, விரல் வடிவ முகிழ்கள் இருக்கும். வெஸ்டிபுலார் பாப்பிலோமடோசிஸ் எனப்படும் இவை நோயல்ல. ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாகத் தோன்றும் முத்துப் பருக்களைப் போன்ற இயல்பான அமைப்பு வேறுபாடே. 1980களில் இவற்றுக்கும் எச்பிவியே காரணம் என்று கருதியவர்கள் இருந்தார்கள். 1990இல் வெளியான ஆய்வுகள் முகிழ்களில் வைரஸின் டிஎன்ஏவைத் தேடிப் பார்த்து, அந்தத் தொடர்புக்குப் போதிய சான்று இல்லை என்று காட்டின. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய கருத்து புறநோயாளிப் பிரிவில் உயிரோடிருப்பதற்கு முதற்காரணம் அசிட்டிக் அமிலம்.

கருப்பை வாய்ப் பரிசோதனையில் 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைத் தேடுவதற்கு மாணவர்கள் நன்றாகப் பழகியிருக்கிறார்கள். அதே பஞ்சை வல்வாவின் மீது வைத்து, வெளுத்ததெல்லாம் வைரஸ் என்று முடிவுகட்டுவதுதான் பிழை. பூஞ்சைத் தொற்று, உராய்வு, சாதாரண அழற்சி ஆகிய எதுவும் அங்கே வெண்மையை உண்டாக்கும். எந்தக் குறையும் இல்லாத படலம்கூட வெளுக்கும்.

இந்தத் தவறு என்னை இன்னும் எரிச்சலூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. திருமணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண்ணை, சிகிச்சைக்கு அடங்காத மரு என்ற குறிப்புடன் வேறோர் இடத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். மருவை எரிக்கும் டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தை மீண்டும் மீண்டும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் முகிழ்கள் எஞ்சியிருந்ததை நோய் திரும்பியதாகவே பதிவு செய்திருந்தார்கள். இயல்பான உறுப்பு எப்படி மறையும்? அவருக்கு மிஞ்சியது புண்ணும், தழும்பும், உடலுறவின்போது தாங்க முடியாத எரிச்சலும்தான். அதைவிடப் பெரிய இழப்பு, யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி கணவன் மனைவிக்கிடையே புகுந்து, இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தது. பூதக்கண்ணாடியும் ஒரு பஞ்சுக்குச்சியும் போதுமாக இருந்திருக்கும்.

பஞ்சுக்குச்சியால் முகிழ்களைப் பிரித்து அடிப்பகுதியைப் பாருங்கள். இயல்பான முகிழ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி உண்டு. சுற்றியுள்ள படலத்தின் நிறமே அதற்கும் இருக்கும். தொட்டால் மென்மையாக இருக்கும். இடமும் வலமும் ஏறத்தாழ ஒத்த வரிசையில் அமைந்திருக்கும். மருவிலோ பல நுனிகள் ஒரே அடியில் வந்து சேரும். அது சற்றுக் கெட்டியாக, ஒழுங்கின்றி, தோலுக்கும் பரவக்கூடியதாக இருக்கும்.

இதன் பிறகும் ஐயம் இருந்தால் பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதித்தல்) செய்யலாம். ஆனால் அங்கும் ஒரு கண்ணி உண்டு. யோனி வாயிலின் செல்களில் இயல்பாகவே கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை நிறைந்திருப்பதால், கருவைச் சுற்றி வெளிறிய வெளி தெரியும். அதைக் கண்டு எச்பிவியின் அடையாளமான கொய்லோசைட் என்ற மாறிய செல் என்று அறிக்கை வருவதுண்டு. உண்மையான கொய்லோசைட்டில் கருவும் பெரிதாகி, சுருக்கம் விழுந்து மடிந்து, கருமையேறியிருக்கும். அந்த வரி அறிக்கையில் இல்லையென்றால் நோய்க்கூறியல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதில் தவறில்லை.

தொங்கும் சதையையும் கட்டியையும் எச்பிவி கணக்கில் சேர்ப்பது

காம்புடன் தொங்கும் மென்மையான ஃபைப்ரோஎபிதீலியல் பாலிப், யோனி வாயிலருகே சுரப்பியில் வரும் பார்த்தோலின் நீர்க்கட்டி, தோலடியில் வரும் எபிடெர்மாய்டு கட்டி ஆகியவற்றை எச்பிவி தொற்றின் விளைவாகக் கொள்வதில்லை. நடுவில் குழி விழுந்த பளபளப்பான பருக்கள் மொலஸ்கம். அது பாக்ஸ் வகை வைரஸால் வருவது.

சிபிலிஸை மறப்பது

புடைப்பு தட்டையாக, ஈரமாக, அகன்ற அடியுடன் இருந்தால், அமிலத்தைத் தொடுவதற்கு முன் சிபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனையான விடிஆர்எல்.

மருவிலிருந்து எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை

வேண்டாம். முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறாது.

கர்ப்பிணிக்குப் போடோஃபிலின் (மருவில் தடவும் மருந்து)

கூடாது.

மருவைக் காட்டிப் புற்றுநோய்ப் பயம் ஊட்டுவது

பாலுறுப்பு மருக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குக் காரணம் எச்பிவியின் 6, 11 ஆகிய வகைகள்; கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம் 16, 18. முன்னவை இருப்பதால் பின்னவை வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து தொற்றலாம் என்பதால் வயதுக்குரிய வழக்கமான கருப்பை வாய்ப் பரிசோதனையை நிறுத்தவும் கூடாது. தொற்றுக்கும் மரு தோன்றுவதற்கும் இடையே பல மாதங்கள், சிலருக்கு அதற்கும் மேல் செல்வதால், தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று மருவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. கேட்டால் இதையே தெளிவாகச் சொல்லுங்கள். மழுப்பினால் வீட்டில் வேறு பொருள் கொள்வார்கள்.

எச்பிவி இல்லை என்றதும் கவலையை விடுவது

இது முதல் தவறின் மறுபக்கம். நிறம் மாறிய, புண்ணான, கெட்டிப்பட்ட, இரத்தம் கசிகிற புடைப்பையும், சிகிச்சைக்கு மசியாத மருவையும் பயாப்ஸி இன்றி விடக் கூடாது. மாதவிடாய் நின்றபின் லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற, தோல் வெளுத்து மெலியும் நோயால் நெடுநாள் அரிப்போடு வாழும் பெண்களுக்கு வரும் வல்வா புற்றுநோயில் பெரும்பகுதி எச்பிவியின் தொடர்பின்றியே உருவாகிறது. அப்படிப்பட்ட ஒருவரிடம் ஆறாத சிறு தடிப்பைக் கண்டால், வைரஸ் பரிசோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும், அன்றே திசுவை எடுத்து அனுப்பிவிடுங்கள்.