மதுரைக்குத் தொண்டு செய்ய வந்திருக்கிறீர்களா? சனி, ஞாயிறு இப்படிப் போய் வாருங்கள்

கோலாலம்பூர், டொராண்டோ, லண்டன் என்று எங்கெங்கோ பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் மதுரையில் பள்ளிக்கூடத்திலோ மருத்துவமனையிலோ சில வாரம் தொண்டு செய்ய வருகிறார்கள். எங்கள் வீட்டு மாடியிலும் தங்குவதுண்டு. வந்த வாரமே ஒரு பட்டியலை நீட்டுவார்கள்: இந்த வாரம் ஆலப்புழை, அடுத்த வாரம் பாண்டிச்சேரி. வெள்ளி ராத்திரி பஸ் ஏறி, திங்கள் விடியலில் இறங்கி, சிவந்த கண்ணோடு வகுப்புக்குப் போவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திங்கள் காலையில் பிள்ளைகள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். முதல் மாதம் மதுரையைச் சுற்றியே போய் வாருங்கள். உங்களிடம் படிக்கும் பிள்ளை எந்த ஊரிலிருந்து எந்தப் பஸ்ஸில் வருகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

முதலில் விசா விஷயம். இ-டூரிஸ்ட் விசாவில் சம்பளமில்லாத தொண்டுக்கு ஒரு மாதம் வரைதான் அனுமதி. அதற்கு மேல் என்றால், உங்களை அழைக்கும் நிறுவனத்திடம் கேட்டு, ஏற்ற விசாவோடு வர வேண்டும். வெளியூரில் ஒரு ராத்திரி தங்கினாலும் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை வெளிநாட்டவருக்கான படிவத்தில் (சி-படிவம் என்பார்கள்) பதிய வேண்டும். உங்கள் முகத்தையும் பேச்சையும் வைத்து உள்ளூர்க்காரர் என்று நினைத்து அவர் கேட்காமல் விட்டாலும், நீங்களே பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுங்கள். சில சின்ன லாட்ஜ்களில் வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ரூம் இல்லை என்பார்கள். போன் போட்டுக் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு. தேனி, கொடைக்கானல், திண்டுக்கல் பக்கம் என்றால் ஆரப்பாளையம். திருச்சி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், காரைக்குடி என்றால் மாட்டுத்தாவணி. உள்ளூர்ப் பயணத்துக்குப் பெரியார். மாற்றிப் போய் நின்றால் அரை நாள் போய்விடும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. கண்டக்டர் கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆண்கள் பத்து, இருபது ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் எங்கே என்று கேட்டால் கீழக்குயில்குடி சமணர் மலை என்பேன். அடிவாரத்தில் ஆலமரமும் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும். விடிந்ததும் போய்விடுங்கள், பாறையில் நிழலே கிடையாது. ஒரு பக்கம் செட்டிப்பொடவு. குகைக்குள் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவர் பெரிய சிற்பமாக உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு பக்கம் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய எழுத்து, கண்ணுக்கு நேர் எதிரே இருக்கிறது. தொட்டுத் தேய்க்காதீர்கள், பெயர் கிறுக்கும் யாரையும் பார்த்தால் தடுங்கள். மேலிருந்து பார்த்தால் வயலும் நாகமலையும் நீளமாகத் தெரியும்.

கீழடி அருங்காட்சியகம் அரை நாள் வேலை. 2023 மார்ச்சில் திறந்தார்கள். அழகர்கோயிலுக்குப் போனால் பிரசாத தோசையை விட்டுவிடாதீர்கள். பெரிய கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், தரையும் சுடும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது.

ரயில் பிடிக்கும் என்றால் போடி ரயிலில் ஏறுங்கள். மீட்டர் கேஜ் போய் அகலப்பாதையாகி, 2022-இல் தேனி வரைக்கும், 2023-இல் போடி வரைக்கும் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டிய வழியாகப் போகும்போது ஜன்னல் பக்கம் இருங்கள். கொடைக்கானலுக்குக் காரில் போவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை. அரசு பஸ்ஸில் போனால் அது தேவையில்லை. ஞாயிறு சாயங்காலம் கீழே இறங்கும் பஸ்களில் நிற்கக்கூட இடமிருக்காது, மத்தியானமே கிளம்பிவிடுங்கள்.

ராமேஸ்வரத்துக்கு ஒரு ராத்திரி தங்கும்படி போங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தீவுக்குள் மறுபடி போகிறது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர் நிற்கிறது. அந்தப் புயலுக்கு முன்பு மக்கள் ரயிலில் இங்கே வந்து கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். அரிச்சல்முனையில் சாலை முடிகிறது. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அப்பா அம்மா ஈழத்திலிருந்து போனவர்கள் என்றால், அங்கே நின்று அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். கடலில் இறங்க வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது. வழியில் இருக்கும் மண்டபம் அகதி முகாமில் ஈழத்திலிருந்து வந்த நம் சனங்கள் இன்றும் வாழ்கிறார்கள். அது வேடிக்கை பார்க்கும் இடமல்ல, போட்டோ எடுக்காதீர்கள். தை, ஆடி அமாவாசைகளில் ராமேஸ்வரம் பக்கமே போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

சித்திரைத் திருவிழா சமயத்தில் இங்கே இருந்தால் வெளியூர்த் திட்டம் எதுவும் வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரே வைகைக்கு வரும்.

உங்களோடு வேலை செய்யும் அக்காவோ அண்ணனோ தங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டால், வேறு எதையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். நான் சொன்ன எல்லா இடங்களையும்விட அது பெரிது. வெறுங்கையோடு போகாமல் பூ, பழம் வாங்கிக்கொள்ளுங்கள். கறி சாப்பிட மாட்டீர்கள் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், உங்களுக்காகவே கிடா அடிக்கிற வீடுகள் உண்டு. ஊரில் இறங்கியதுமே திரும்பிவர கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். அதைத் தவறவிட்டால், பல ஊர்களில் மறுபடி பஸ் மறுநாள் காலையில்தான்.