கைப்பேசி தொலைந்த இரவில் உதவி கேட்ட விதம்

புதிய வேலையில் சேர்வதற்காக முன்பின் அறியாத ஊரில் இரவு 11 மணிக்கு இறங்கியபோது என் கைப்பேசி தொலைந்திருந்தது. தங்க வேண்டிய முகவரியும் அதில்தான் இருந்தது. "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டபோது இருவர் விலகிச் சென்றனர் (நானும் அப்படி விலகியவன்தான்). பிறகு, பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெண்மணியிடம் சற்றுத் தள்ளி நின்றபடியே, "கைப்பேசியை என்னிடம் தர வேண்டாம், நான் சொல்லும் எண்ணை நீங்களே அழைத்து ஸ்பீக்கரில் போட்டால் போதும்" என்றேன். எனக்கு மனப்பாடமாக இருந்தது அக்காவின் எண் ஒன்றுதான். அக்கா சொன்ன முகவரியை அந்த அம்மையார் தம் பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்ததோடு, எனக்கு ஆட்டோ கிடைக்கும்வரை, வந்த பேருந்தையும் விட்டுவிட்டு, உடன் நின்றார். சிம் அட்டையை முடக்கும்படியும் அதே அழைப்பிலேயே அக்காவிடம் சொல்லிவிட்டேன். இப்போது முகவரியும் இரண்டு எண்களும் எழுதிய காகிதம் ஒன்று என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கிறது.